பல்லும் வாலும் கொழுப்பும்: செம்மறி இறைச்சியை அறிந்து வாங்குதல்

வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குமரி மாவட்டத்துக்குத் திரும்புகிறவர்கள், ஊர் இறைச்சிக் கடையில் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். அங்கே பேரங்காடியின் குளிர்ப்பெட்டியில் ஆஸ்திரேலிய லாம்ப் (இளஞ்செம்மறிக் கறி), நியூசிலாந்து லாம்ப், இந்திய மட்டன், பாகிஸ்தான் மட்டன் என்று தனித்தனிச் சீட்டு ஒட்டித் தனித்தனி விலையில் அடுக்கியிருப்பார்கள். இங்கே கொக்கியில் தொங்குவது எதுவானாலும் அதற்கு 'மட்டன்' என்ற ஒரே பெயர்தான். அது வெள்ளாடா செம்மறியா, எத்தனை மாதத்துக் குட்டி, கிடாவா பெட்டையா, எந்த மண்ணில் மேய்ந்தது என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், அந்தக் கறி எவ்வளவு நேரம் வேக வேண்டும், எந்தக் குழம்புக்குச் சேரும், ஆறிய பிறகு எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அடுப்பு மூட்டும் முன்பே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். செம்மறிக் கறியைப் பற்றி நம் ஊரில் நிலவும் தாழ்ந்த எண்ணத்துக்குக் காரணம் அந்தக் கறியின் குறை அன்று, இந்த நான்கையும் கேட்காமல் வாங்கி, வெள்ளாட்டுக் கறி என்று எண்ணிச் சமைப்பதே என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பெயரைப் பார்ப்போம். மட்டன் என்ற ஆங்கிலச் சொல் செம்மறியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இன்றைய பிரெஞ்சிலும் 'மூத்தோன்' என்றால் செம்மறிதான். அச்சொல் பிறந்த இடத்தில் வெள்ளாட்டுக்கு அதில் பங்கு இல்லை. இந்தியாவில் வெள்ளாட்டுக் கறியையும் அதே பெயரால் வழங்கத் தொடங்கினார்கள். பின்னர் அந்தப் பெயர் வெள்ளாட்டுக்கே உரியது என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஊன்றிவிட்டது. இறைச்சித் துறையினர் வெள்ளாட்டுக் கறிக்கு 'செவான்' என்றொரு சொல்லைப் பாடநூல்களில் எழுதுகிறார்கள் என்றாலும், அது எந்தக் கடைப் பலகையிலும் ஏறவில்லை. தமிழில் இந்தக் குறை இல்லை. ஆடு என்பது இரண்டுக்கும் பொதுச்சொல். வெள்ளாடு, செம்மறி என்பன இனம் பிரிக்கும் சொற்கள். தொல்காப்பியத்தின் மரபியல் ஆட்டின் குட்டியை 'மறி' என்று சொல்லி, ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர்களைத் தருகிறது. இத்தனை பெயர்களை வைத்திருந்த மொழியில் நாம் இன்று ஒற்றை இரவல் சொல்லோடு இறைச்சி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளாடும் செம்மறியும் ஒரே உயிரினத்தின் இரண்டு நிறங்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது சரியன்று. செம்மறிக்கு 54 குரோமோசோம்கள், வெள்ளாட்டுக்கு 60. மேயும் முறையும் வேறு: வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி மரத்தில் ஊன்றிக் குழை தின்னும், செம்மறி தலையைக் குனிந்து தரையை ஒட்டிப் புல்லைக் கரம்பும். இறைச்சியைப் பொறுத்தவரை மிக முக்கியமான வேறுபாடு, கொழுப்பை உடலில் எங்கே சேர்த்து வைக்கின்றன என்பதில் இருக்கிறது. வெள்ளாடு கொழுப்பில் பெரும்பகுதியைச் சிறுநீரகத்தைச் சுற்றியும் குடல் மடிப்புகளிலும் சேர்க்கிறது. செம்மறியோ தோலுக்குக் கீழேயும் தசைகளுக்கு நடுவிலும் சேர்க்கிறது. வெள்ளாட்டில் கொழுப்பு வயிற்றோடு தனியாகக் கழன்று வந்துவிட, செம்மறியில் அது கறித்துண்டோடு சட்டிக்குள் வருகிறது. மணம், மென்மை, ஆறினால் உறைவது ஆகிய மூன்றும் இந்த ஒரு வேறுபாட்டோடு நெருங்கிய தொடர்புடையவை.

குமரி மாவட்டத்தில் செம்மறி ஏன் அரிதாக இருக்கிறது என்பதை நிலத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பகுதிகளில் ரப்பரும் தென்னையும் வீட்டைச் சுற்றிய விளைகளும் நெருங்கி நிற்க, மந்தை பரவி மேயத் திறந்த தரிசு கிடையாது. ஓரிரண்டு வெள்ளாடுகளைக் கொட்டிலில் கட்டிப் பலாக்குழை ஒடித்துப் போட்டு வளர்ப்பதற்கு இந்த நிலம் பொருந்துகிறது. ஐம்பது செம்மறிகளை ஓட்டிச் செல்வதற்குப் பொருந்தவில்லை. ஈரம் இன்னொரு தடை. சதாகாலமும் நனைந்த தரையில் நிற்கும் செம்மறிக்குக் குளம்பு அழுகல் வரும், குடற்புழு பெருகும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சிறு பூச்சிகள் பரப்பும் நீலநாக்கு நோயும் தாக்கும். தோவாளை வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. முப்பந்தல் காற்றாலைகளுக்கு அப்பால் காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் என்று விரியும் வறண்ட சமவெளியில் உடைமரமும் கட்டைப்புல்லும் நிற்கின்றன; அது செம்மறியின் நாடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது திருநெல்வேலிப் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து, கணவாய் கடந்ததும் முதல் மந்தை எப்போது தென்படும் என்று காத்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளையும் 45 லட்சம் செம்மறிகளையும் காட்டியது. இந்திய அளவில் வெள்ளாடு ஏறத்தாழ 14.9 கோடி, செம்மறி 7.4 கோடி. இரண்டுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் நம் சந்தைகளிலும் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்கது. மேலப்பாளையம், எட்டயபுரம் போன்ற பெரிய ஆட்டுச் சந்தைகளில் வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்தே விலைக்கு நிற்கின்றன.

தென்மாவட்டங்களின் செம்மறி இனங்களைக் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. கீழக்கரிசல் என்பது பழுப்பு உடலும் கரிய அடிவயிறும் கொண்டது. அடிப்பகுதியின் கருமையே அதற்குப் பெயராயிற்று. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் வேம்பூர் ஆட்டுக்கு வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் சிதறிக் கிடப்பதால் பொட்டு ஆடு என்றும் பெயர். இராமநாதபுரம் வெள்ளை அதன் பெயர் சொல்லும் சீமையைச் சேர்ந்தது. செவ்வாடு திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளுடையது. வடக்கே சேலம் பக்கத்து மேச்சேரி இனம் தோலின் தரத்தாலும் இறைச்சியாலும் பெயர் பெற்றது. பொட்டனேரியில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவை யாவும் கம்பளி தராத, முடி மட்டுமே உள்ள இனங்கள். கோயம்புத்தூர், நீலகிரி, திருச்சிக் கறுப்பு ஆகியவையே தமிழ்நாட்டின் கம்பளி இனங்கள். கறி வாங்குகிறவருக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி அடங்கியிருக்கிறது. கம்பளிக்காக வளர்க்கும் நாடுகளில் ஆட்டைப் பல ஆண்டுகள் வைத்து மயிர் கத்தரித்துவிட்டு, ஓய்ந்த பிறகே இறைச்சிக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. மட்டன் என்றால் கடினமானது, மணம் மிகுந்தது என்ற எண்ணம் அங்கே வளர்ந்ததற்கு அது ஒரு காரணம். நம் முடி இனங்களை இறைச்சிக்காகவே வளர்ப்பதால், கிடாக்குட்டிகள் ஓராண்டை நெருங்கும் முன்பே பெரும்பாலும் விற்றுப்போகின்றன.

அளவும் மிக வேறுபடும். தென் தமிழகச் செம்மறிப் பெட்டை ஒன்று உயிரோடு நிற்கும்போது 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். ஆஸ்திரேலிய லாம்ப் ஒன்றின் தோலும் தலையும் குடலும் நீக்கிய உடலே ஏறத்தாழ 22 முதல் 25 கிலோ வரை வருகிறது. ஆகவே வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் சொல்லப்படும் தொடையும் நம் கடையில் தொங்கும் தொடையும் ஒன்றன்று. அந்தக் குறிப்பின் நேரத்தையும் மசாலா அளவையும் அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி வயதுக்கு வருவோம். இந்தப் பொருளின் மையமே இதுதான். ஆங்கிலம் பேசும் நாடுகள் செம்மறி இறைச்சியை மூன்றாகப் பிரிக்கின்றன. ஓராண்டுக்குட்பட்ட குட்டியின் கறி லாம்ப். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது ஹாகெட். இரண்டு ஆண்டைக் கடந்தது மட்டன். இதற்குள் இன்னும் இளையதாக, தாய்ப்பால் மட்டுமே குடித்த சில வாரக் குட்டியின் கறியை இத்தாலியிலும் ஸ்பெயினிலும் தனிச் சிறப்பாக விற்கிறார்கள். பிறந்த தேதியை எழுதி வைக்காத மந்தையில் வயதை எப்படி அறிவது என்ற கேள்விக்கு எல்லா நாடுகளும் கண்ட விடை ஒன்றே: பல்லைப் பார்ப்பது. செம்மறியின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறு மட்டுமே உண்டு. கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள் இருக்கின்றன. முதலில் இவை எட்டும் சிறிய பால்பற்கள். ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் நடுவில் உள்ள இரண்டு விழுந்து, அகன்ற நிலைப்பற்கள் முளைக்கும். இரண்டு ஆண்டை ஒட்டி நான்கும், மூன்றை ஒட்டி ஆறும், நான்காம் ஆண்டை ஒட்டி எட்டும் நிறையும். தீனியையும் இனத்தையும் பொறுத்துச் சில மாதங்கள் முன்னும் பின்னும் போகலாம்.

நம் சந்தை வழக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது: பல் போடாத குட்டி, இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது (எட்டுப் பல்லும் நிறைந்தது). பக்ரீத் நெருங்கும் நாட்களில் குர்பானிக்கு ஆடு பார்க்கிறவர் அதன் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குவார். ஆஸ்திரேலியாவின் விதியும் இதே பல்லின் மேல்தான் நிற்கிறது. முன்பு ஒரு நிலைப்பல் ஈறைக் கிழித்து வெளியே தலைகாட்டினாலே அது லாம்ப் என்ற பெயரை இழந்துவிடும், விலையும் இறங்கிவிடும். 2019 ஜூலை 1 முதல், 12 மாதத்துக்குட்பட்டதாகவோ, நிலைப்பல் முளைத்தும் இன்னும் தேயும் உயரத்துக்கு வராததாகவோ இருந்தால் லாம்ப் என்றே கொள்ளலாம் என்று மாற்றினார்கள். பல் எட்டிப் பார்த்ததற்கும் உணவைக் கடிக்கும் நிலைக்கு வந்ததற்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களில் விற்றுவிட உழவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பல்லில் ஒரு நூலளவு எவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வயது ஏறும்போது கறிக்குள் நிகழ்வது என்ன? தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டு. குட்டியில் இப்பிணைப்புகள் வெப்பத்தில் எளிதாக அவிழ்ந்து, கொலாஜன் கரைந்து வழவழப்பான கூழாகிறது. வயதான ஆட்டில் பிணைப்புகள் முதிர்ந்து வெப்பத்தைத் தாங்கும் தன்மை பெறுகின்றன. கொலாஜனின் அளவு பெரிதாகக் கூடாவிட்டாலும் அது கரைய மறுக்கிறது. குட்டிக் கறி நாற்பது நிமிடத்தில் வெந்துவிட, நாலு பல் ஆட்டின் கறி இரண்டு மணி நேரம் கேட்பதற்கு இதுவே காரணம். ஓடித் திரிந்த கால், கழுத்து, முன்சப்பை ஆகிய இடங்களில் இது அதிகம். முதுகை ஒட்டிய கறியில் குறைவு. நிறத்தைத் தரும் மயோகுளோபினும் வயதோடு கூடும். அதனால் குட்டியின் கறி இளஞ்சிவப்பாகவும் முதிர்ந்ததன் கறி கருஞ்சிவப்பாகவும் இருக்கிறது. குட்டியின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பும் வெட்டிய இடத்தில் சிவந்த ஈரமும் தெரியும். முதிர்ந்ததில் எலும்பு வெளுத்துக் கடினமாகி, வெட்டும்போது சில்லுகளாகத் தெறிக்கும்.

முதிர்ந்த கறி கீழானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சுவையும் வயதோடு செறிவடைகிறது. இன்றைய பிரித்தானிய மன்னர் சார்லஸ், இளவரசராக இருந்தபோது 2004-இல், இரண்டு ஆண்டைக் கடந்த செம்மறியின் இறைச்சியை மக்கள் மீண்டும் உண்ண வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். இளங்குட்டியை மட்டுமே விரும்பும் பழக்கம் பரவியதால் ஒரு நல்ல உணவு மறக்கப்பட்டு, முதிர்ந்த ஆடுகளுக்கு விலையில்லாமல் போயிற்று என்பதே அதன் பின்னணி. பிஞ்சு வெண்டைக்காய்க்கு ஒரு சமையல், முற்றிய தேங்காய்க்கு ஒரு சமையல் என்று பிரித்து அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று.

கிடா, பெட்டை வேறுபாடு வெள்ளாட்டில் மிகக் கூர்மையாகவும் செம்மறியில் சற்றுத் தணிந்தும் தெரியும். பருவம் எய்திய வெள்ளாட்டுக் கிடாவின் மொச்சை வாடை எட்டி நின்றாலும் மூக்கில் ஏறும். செம்மறிக் கிடாவிலும் வயது ஏற ஏற மணம் வலுக்கும். விதையடித்த கிடாவில் இந்த வாடை தணிந்து, கொழுப்பு பரவலாகச் சேர்ந்து, கறி மென்மையாக இருக்கும். பலமுறை ஈன்று ஓய்ந்த பெட்டையில் வாடை குறைவாக இருந்தாலும் நார் முதிர்ந்திருக்கும். கடையில் 'பெட்டைக் கறி வேண்டாம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது பயனற்றது. பல் போடாத பெட்டைக்குட்டிக்கும் அதே வயதுக் கிடாக்குட்டிக்கும் சட்டியில் பெரிய வேறுபாடு இராது.

செம்மறிக்கே உரிய மணம் எங்கிருந்து வருகிறது என்பது நெடுநாள் ஆராயப்பட்ட ஒன்று. அது தசையில் அன்று, பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. 4-மெத்தில் ஆக்டனாயிக் அமிலம், 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம் போன்ற கிளைத்த கொழுப்பமிலங்கள் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மூக்குக்கு எட்டிவிடும். ஆட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தீனியைச் செரிக்கும்போது தோன்றும் பொருள்களிலிருந்து இவை உருவாகின்றன. பசும்புல் மேய்ந்த ஆட்டில் ஸ்கட்டோல் என்ற இன்னொரு பொருளும் சேர்ந்து அந்த மணத்தை அழுத்தமாக்குகிறது. கடலோர உப்புச் சதுப்பில் மேய்ந்த செம்மறியின் கறியைப் பிரான்சில் தனிப் பெயரிட்டு உயர்ந்த விலைக்கு விற்பதும் தீனி கறியை மாற்றும் என்ற இதே அறிவினால்தான். இது நமக்குப் புதிய அறிவன்று. கரிகாலனின் விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படை, அங்கே பரிமாறப்பட்ட செம்மறித் தொடையை வெறுமனே புழுக்கிய கறி என்று விடாமல், அறுகம்புல் திரித்து ஊட்டி வளர்த்த ஆட்டின் கறி என்று குறித்துச் சொல்கிறது. விருந்தாளிக்கு இலையில் விழுந்தது எதைத் தின்று வளர்ந்தது என்பது சொல்லத்தக்க பெருமையாக இருந்திருக்கிறது.

கொழுப்பின் இன்னொரு குணம் நம் சமையலோடு நேரடித் தொடர்புடையது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகும். ஆகையால் நம் ஊர் வெயிலில் அது பெரும்பாலும் நீராகவே இருக்கிறது, நாவில் ஒட்டுவதில்லை. செம்மறிக் கொழுப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதியாக இருப்பதால் அது 40 பாகைக்கும் மேலேதான் முழுமையாக உருகும். நம் உடல் வெப்பமோ 37 பாகை. எனவே ஆறத் தொடங்கிய செம்மறிக் குழம்பு மேலே வெள்ளையாகப் படிவதோடு, வாயிலும் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்கிறது. செம்மறிக் கறியைச் சாப்பிட்டுவிட்டுக் 'கனமாக இருக்கிறது' என்று சொல்கிறவர்களின் குறை பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

கடையில் இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? முழு உடலாகத் தொங்கும்போது ஓரளவு எளிது. செம்மறியின் முதுகும் விலாவும் உருண்டு, மேலே வெண்ணிறக் கொழுப்புப் படர்ந்திருக்கும். வெள்ளாட்டின் உடல் பக்கவாட்டில் தட்டையாகவும் முதுகுத்தண்டு கூர்மையாகவும் தெரியும். வெள்ளாட்டின் தோலுரித்த மேற்பரப்பு பிசுபிசுப்பாக இருப்பதால் அங்கங்கே முடி ஒட்டியிருக்கும். ஒத்த வயதில் வெள்ளாட்டுக் கறி கருஞ்சிவப்பாகவும் நார் பருமனாகவும், செம்மறிக் கறி வெளிர் சிவப்பாகவும் நார் நுண்மையாகவும் இருக்கும். தோள்பட்டை எலும்பைப் பார்க்கக் கிடைத்தால், செம்மறியில் அது குட்டையாகவும் அகலமாகவும், வெள்ளாட்டில் தெளிவான கழுத்துடன் நீண்டும் இருக்கும். முன்னங்கால் முட்டுக்கு மேலே உள்ள எலும்பு, கீழே உள்ள எலும்பைப் போல் செம்மறியில் ஒன்றேகால் மடங்கு நீளம், வெள்ளாட்டில் இரண்டு மடங்கு நீளம் என்பது கால்நடை மருத்துவ மாணவர்கள் படிக்கும் அடையாளம். வாலைப் பார்த்து முடிவு செய்வது நம்மூரில் பரவலான வழக்கம். வெள்ளாட்டுவால் மேல்நோக்கி நிமிர்ந்தது, செம்மறிவால் கீழே தொங்குவது என்பது உண்மைதான். ஆனால் தென்னாட்டுச் செம்மறிகளுக்கும் வால் குட்டையாகவும் மெலிந்தும் இருப்பதால், உயிரற்ற உடலில் வாலை மட்டும் நம்புவது போதாது. துண்டு போட்டுவிட்ட பிறகு கண்ணால் பிரிப்பது கடினம். அப்போது மரபணுச் சோதனை ஒன்றே ஐயமற்றது. ஐதராபாத்தில் உள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் அதைச் செய்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டு விசேஷத்துக்கு வெள்ளாட்டுக் கறி என்று சொல்லி வாங்கியது, இலையில் விழுந்து ஆறியதும் வெள்ளைப் படலம் கட்டியபோதுதான் முதிர்ந்த செம்மறி என்று புரிந்தது. விருந்தினர் முன் நின்ற வேதனை ஒருபுறம் இருக்க, அன்று என்னை அதிகம் வருத்தியது வேறு ஒன்று: செம்மறி என்று சொல்லித் தந்திருந்தால் அந்தக் கறியையே நன்றாகச் சமைத்திருக்கலாம். செம்மறியை அதன் பெயரால் அதற்குரிய விலையில் விற்பதில் எந்த இழிவும் இல்லை. பெயரை மாற்றி விற்கும்போது வாங்குகிறவர் பணத்தை இழக்கிறார், வளர்த்தவர் தன் ஆட்டுக்குரிய மதிப்பை இழக்கிறார். கறியும் தவறாக வெந்து கெட்ட பெயரை வாங்குகிறது.

வெட்டிய பிறகு கடக்கும் நேரமும் கறியின் தரத்தை மாற்றும். உயிர் பிரிந்த சில மணி நேரம் தசை தளர்ந்திருக்கும். பிறகு விறைத்து, அதன்பின் தசையில் இயல்பாக உள்ள நொதிகளின் செயலால் மெல்ல மென்மையாகும். விடியற்காலையில் வெட்டியதைக் காலையிலேயே வாங்கி உடனே சமைப்பது நம் வழக்கம். விறைப்பு முற்றும் முன்பே அது அடுப்பேறுவதால் பெரும்பாலும் கேடு நேர்வதில்லை. கேடு நேர்வது சூட்டோடு வாங்கிய கறியை நேராக உறைபெட்டிக்குள் தள்ளும்போது. விறைப்பு முடியாத தசை 10 பாகைக்குக் கீழே சட்டென்று குளிர்ந்தால் நார்கள் சுருங்கி இறுகிவிடும். உறைந்து பின் உருகும்போது இறுக்கம் இன்னும் கூடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்போல் இழுபடும். அன்றே சமைக்காவிட்டால், கறியைப் பெரிய துண்டுகளாகவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி ஒருநாள் வைத்திருந்து, அதன் பிறகு சமைப்பதோ உறைய வைப்பதோ நல்லது.

சமையலுக்கு வந்தால், பல் போடாத செம்மறிக்குட்டிக்கு நம் வறுத்தரைத்த குழம்பு அளவான துணை. தேங்காயைப் பொன்னிறம் தாண்டும் வரை வறுத்து, மல்லி, நல்லமிளகு, வத்தல், சின்ன உள்ளி சேர்த்து அரைத்த அந்தக் கூட்டு, செம்மறியின் மணத்தை மூடாமல் அதோடு இணைந்து நிற்கும். ஆனால் வெள்ளாட்டுக்கு ஊற்றும் அளவு எண்ணெயை இதற்கு ஊற்றக் கூடாது. கறி தானே நெய் விடும். வெளிக்கொழுப்பைக் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு, அதில் ஒரு கைப்பிடியை மட்டும் சட்டியில் உருக்கி, அதிலேயே உள்ளியை வதக்கினால் எண்ணெயே தேவைப்படாது. இரண்டு பல் ஆட்டின் தொடையும் முன்சப்பையும் தேங்காய்க்கொத்து சேர்த்துப் பிரட்டி எடுப்பதற்கு ஏற்றவை; குட்டியைவிடச் சற்றுக் கெட்டியாக இருப்பதால் நெடுநேரப் பிரட்டலிலும் துண்டு உதிராது. நாலு பல்லுக்கு மேற்பட்டதை அவசரத்துக்குச் சமைக்கக் கூடாது. அகன்ற மண்சட்டியில், கொதி மிஞ்சாமல் சிறு தீயில், மூடி போட்டு இரண்டு மணி நேரம் விட்டால், கரைய மறுத்த அந்தக் கொலாஜன் மெல்லக் கரைந்து குழம்புக்கே ஒரு கெட்டித்தன்மையைத் தரும். தக்காளியோ சிறிது புளியோ சேர்த்தால் கொழுப்பின் கனம் நாவில் தணியும். குக்கரில் வைப்பதானால் தண்ணீர் 120 பாகையை ஒட்டிய வெப்பத்தை அடைவதால் நேரம் வெகுவாகக் குறையும். ஆயினும் கறி வெந்த பிறகு திறந்து, மசாலாவோடு மேலும் கால் மணி நேரம் வற்ற விடுவது அவசியம்.

முதிர்ந்த செம்மறிக் குழம்பை முந்தின நாள் இரவே வைத்துவிடுகிற வழி ஒன்று இருக்கிறது. குளிர்ந்ததும் கொழுப்பு மேலே தகடாக உறைந்துவிடும். வேண்டிய அளவுக்கு அதைக் கரண்டியால் எடுத்துவிட்டு, காலையில் மீண்டும் சூடாக்கினால், மசாலா ஊறிய கறி முதல் நாளைவிட மென்மையாக இருக்கும். மரச்சீனிக் கிழங்கு அவித்ததோ, இடியாப்பமோ, ஆப்பமோ, எதனோடு பரிமாறினாலும் குழம்பு ஆவி பறக்க இருக்க வேண்டும், தட்டையும் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் நல்லது. அந்தக் கொழுப்பு உறையத் தொடங்குவதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடலாம்.